காய், கனியோடு எழுத்து: பெற்றோர் கேள்விகளும் டீச்சர் பதில்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரப் பெற்றோர் கேட்டவை. பதில் சொல்பவர், பாலர் பள்ளி ஆசிரியை.

டீச்சர், மகளுக்கு நாலு வயசு. அட்டையைப் பார்த்து ‘அ – அன்னாசி’ என்று ஒப்பிக்கிறாள். தனியாக ‘அ’ எழுதிக் காட்டினால் விழிக்கிறாள்.

அவள் படத்தைத்தான் படிக்கிறாள்மா. கொஞ்ச நாளைக்கு அட்டையை எடுத்து வையுங்கள். பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், அன்னாசியை அவள் கையிலேயே கொடுங்கள். தோல் குத்தட்டும், மணம் ஏறட்டும். வீட்டுக்கு வந்ததும் அவரைக்காய், அரிசி, அப்பளம் என்று அதே ஒலியில் தொடங்குவதை அடுப்படியில் தேடச் சொல்லுங்கள். காது அந்த ஒலியைப் பிடித்த பிறகு எழுத்தைக் காட்டினால் போதும். ஒன்று கவனம்: ‘அ’வை இழுத்துச் சொன்னால் ‘ஆ’ ஆகிவிடும். அன்னாசிக்குச் சட்டென்று ஒரு தட்டு, ஆரஞ்சுக்குக் கையை நீட்டி இழுப்பு. குறில் நெடில் இப்படியே பழகிவிடும்.

ஊ, ஐ, ஒ, ஔ எழுத்துகளுக்குப் பழமே கிடைக்கவில்லையே?

ஊறுகாய் இருக்கிறதே! ஒ-வுக்கு ஒட்டு மாங்காய். ஐ-க்கு ஐந்து ரம்புத்தானை எண்ண வையுங்கள். ஔவைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த கதையைச் சொல்லி, ஒரு நெல்லிக்காயைக் கடிக்கக் கொடுங்கள். பிள்ளை பார்த்தே இராத பழத்தை எழுத்துக்காகத் தேடிப் பிடிக்க வேண்டாம்.

பேரன் வெள்ளரிக்காயை மலாயில் ‘திமுன்’ என்கிறான். திருத்தவா?

அதட்டாதீர்கள் ஐயா. “ஆமாம், திமுன். நம் தமிழில் வெள்ளரிக்காய்” என்று சொல்லிக்கொண்டே நறுக்குங்கள். தினமும் சாப்பாட்டு மேசையில் அந்தப் பேர் காதில் விழுந்தால் வாயிலும் வந்துவிடும். டுரியான், ரம்புத்தான் நம் வீட்டுச் சொற்களாகவே ஆகிவிட்டன. அவற்றை விட்டுவிடுங்கள்.

எழுத எதில் தொடங்குவது? பென்சிலைப் பிடிக்கவே அழுகிறான்.

‘அ’ சுழி நிறைந்த எழுத்து. பிஞ்சு விரலுக்குக் கஷ்டம். ட, ப என்று நேர்க்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள். நீளமான பயத்தங்காயை வெந்நீரில் சற்று நேரம் போட்டு எடுத்தால் ஒடியாமல் வளையும். ஓர் இடத்தில் மடக்கினால் ‘ட’, இரண்டு இடத்தில் மடக்கினால் ‘ப’. அந்தக் காய்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, தட்டில் பரப்பிய அரிசியில் எழுதட்டும். அவன் கேட்கும்போது பென்சிலைக் கொடுங்கள்.

ழ, ள, ண சொல்லின் முதலில் வராதே?

நடுவில் தேடுங்கள். வாழையில் ழ, தக்காளியில் ள, பூசணியில் ண.

வகுப்பில் பழம் சாப்பிடக் கொடுக்கலாமா?

தாராளமாக. ஆனால் திராட்சையை முழுதாகக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துவிடும். நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். ரம்புத்தான் சதையைக் கொட்டையிலிருந்து பிரித்துக் கொடுங்கள். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று மற்ற பெற்றோரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும்; வாயில் பழத்தோடு பாட்டும் ஓட்டமும் வேண்டாம்.