கார் இல்லாமல் இன்ஸ்ப்ருக் மலைகளில்: எந்தப் பாதை, எந்த வண்டி?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் ஒரு கருத்தரங்குக்காக ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக் நகரத்துக்குப் போகிறேன். கணவரும் உடன் வருகிறார். கருத்தரங்கு முடிந்ததும் மூன்று நாள் கையில் இருக்கும். கார் எடுக்கிற எண்ணமில்லை. இருவரும் நன்றாக நடப்போம், ஆனால் மலை அனுபவம் கிடையாது. அவருக்கு இறக்கத்தில் முட்டி வலிக்கும். பஸ், ரயிலில் போய்வரக்கூடிய பாதைகளைச் சொல்ல முடியுமா?

பதில்: கார் எடுக்காதது நல்லதே. காரில் போகிறவர் நிறுத்திய இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயமில்லை. ஒரு பள்ளத்தாக்கில் ஏறி இன்னொன்றில் இறங்கலாம்.

ஆனால் திட்டத்தைத் திரும்பி வரும் பயணத்திலிருந்து தொடங்குங்கள். விதி ஒன்றுதான்: அரிதாக ஓடும் வண்டியைக் காலையில் பிடியுங்கள், அடிக்கடி ஓடும் வண்டியை மாலைக்கு வையுங்கள். காலையில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் காபி குடித்துக் காத்திருக்கலாம். மாலையில் தவறவிட்டால் இருட்டிவிடும். செப்டம்பர் கடைசியில் சூரியன் மறைவது ஏறக்குறைய 7 மணிக்கு. மலை மறைக்கும் பள்ளத்தாக்குகளில் அதற்கு வெகு முன்பே நிழல் விழுந்து குளிர் ஏறும்.

இந்த விதியை வைத்துப் பார்த்தால் இன்ஸ்ப்ருக்கின் பெயர்பெற்ற ட்ஸிர்பன்வெக் பாதையை நீங்கள் தலைகீழாக நடக்க வேண்டும். நகரத்துக்குத் தெற்கே, மரங்கள் முடியும் உயரத்தில், பாட்ஷர்கோஃபெல் மலைக்கும் டுல்ஃபைன் ஆல்முக்கும் இடையே சுமார் 7 கிலோமீட்டர் போகும் பாதை இது. ஆல்ம் என்றால் மலை மேய்ச்சல் நிலமும் அங்கே சாப்பாடு கிடைக்கும் குடிலும். இரண்டு முனையிலும் ரோப் கார் வசதி உண்டு. வழி நெடுக முறுக்கிய தண்டுகளோடு ஆல்ப்ஸ் கல்பைன் மரங்கள். கீழே இன் நதிப் பள்ளத்தாக்கு, எதிரே நோர்ட்கெட்டே மலைச்சுவர்.

பெரும்பாலோர் பாட்ஷர்கோஃபெலில் தொடங்கி டுல்ஃபெஸ் கிராமத்தில் இறங்குவார்கள். டுல்ஃபெஸ் பஸ்கள் குறைவு. நீங்கள் காலையில் இன்ஸ்ப்ருக்கிலிருந்து டுல்ஃபெஸ் போய், க்லுங்கெட்ஸர் லிஃப்டில் இரண்டு கட்டமாக டுல்ஃபைனுக்கு ஏறுங்கள். அங்கே உயரம் 2,035 மீட்டர். பாட்ஷர்கோஃபெல் மலை நிலையம் 1,960-ஐ ஒட்டி. ஆக மொத்தத்தில் பாதை சற்றே இறங்குமுகம்; நடுவில் சிறு ஏற்ற இறக்கங்கள் இருந்தாலும் முட்டியைப் பதம்பார்க்கும் நீண்ட இறக்கம் எதுவும் இல்லை. கீழே வந்ததும் ரோப் கார் நிலையத்திலிருந்தே நகரத்தின் ஜே பஸ் கிளம்புகிறது.

நடை மூன்று மணி நேரம். படம் எடுக்க, சாப்பிட ஒரு மணி நேரம் சேருங்கள். பத்து மணிக்குள் மேலே நடக்கத் தொடங்கினால் அவசரமே இல்லை. அங்கே தவறு நடப்பது பெரும்பாலும் ஒரே வழியில்தான்: தாமதமாக ஏறி, கடைசி ரோப் காரைக் கோட்டைவிட்டு, கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரத்தைக் காலால் இறங்குவது. உங்கள் கணவருக்கு அது ஆகாது. ஏறும் முன், இரண்டு லிஃப்டுகளும் அன்று ஓடுகின்றனவா, பாட்ஷர்கோஃபெலில் கடைசி இறக்கம் எத்தனை மணிக்கு என்று டுல்ஃபெஸ் கவுன்டரிலேயே கேளுங்கள். இரு லிஃப்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டா என்றும் அங்கேயே விசாரியுங்கள். தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாக இருக்கும். பாதையில் வேரும் கல்லும் நிறைய, ஆகவே தரை பிடிக்கும் ஷூ தேவை. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரை நகரக் குழாயிலேயே நிரப்பிக்கொள்ளலாம். மலை ஊற்று நீர்தான் அது.

இரண்டாவது நாளுக்கு ரயில். மிட்டன்வால்ட் பக்கம் போகும் வண்டியில் ஏறி, ஸீஃபெல்டைத் தாண்டி கீசன்பாக் நிறுத்தத்தில் இறங்குங்கள். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். 1912-இல் திறந்த இந்தத் தடம் மார்ட்டின்ஸ்வான்ட் பாறையைக் குடைந்து ஏறும்போது பள்ளத்தாக்கு முழுக்க அந்தப் பக்கம்தான் தெரியும். கீசன்பாக்கிலிருந்து ஓடையை ஒட்டிய காட்டுச்சாலை, முதலில் குறுகிய பாறையிடுக்கு வழியாகவும் பிறகு அகலமான பள்ளத்தாக்கிலும், 1,459 மீட்டரில் உள்ள எப்ட்ஸிர்லர் ஆல்ம் வரை போகிறது. ஒரு வழிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர், ஏற்றம் 450 மீட்டர். சரிவு ஆறேழு சதவீதம்தான் என்பதால் இறக்கமும் முட்டிக்கு மென்மை. போன வழியே திரும்ப வேண்டும் என்பது மட்டும்தான் குறை.

மலைப் பலகைகளில் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். அதிலும் ஓய்வு நேரம் சேராது. நீங்களே கணக்குப் போட ஆல்பைன் சங்கங்களின் சூத்திரம் கைகொடுக்கும். சமதளத்தில் மணிக்கு 4 கிலோமீட்டர், ஏற்றத்தில் 300 மீட்டர், இறக்கத்தில் 500 மீட்டர். தூரத்துக்கான நேரம், உயரத்துக்கான நேரம் இரண்டில் பெரியதை முழுதாக எடுத்து, சிறியதில் பாதியைக் கூட்டுங்கள். இங்கே தூரத்துக்கு 1 மணி 45 நிமிடம், ஏற்றத்துக்கு ஒன்றரை மணி, ஆக 1.45-உடன் 45 நிமிடம் சேர்த்து இரண்டரை மணி நேரம். இதே முறையில் திரும்ப வர இரண்டேகால். சாப்பாட்டையும் சேர்த்தால் ஆறு மணி நேரம். காலை ஒன்பது மணியை ஒட்டிய ரயில் போதும். தண்டவாள வேலை நடக்கும் நாட்களில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். அது நிற்கும் இடம் வேறாக இருக்கலாம் என்பதால், முந்தைய இரவு ஆஸ்திரிய ரயில்வேயின் ஸ்காட்டி செயலியில் ஒருமுறை பாருங்கள். அட்டவணையில் 'பள்ளி நாட்களில் மட்டும்' என்ற குறிப்புள்ள பஸ்ஸை நம்பி சனிக்கிழமை திட்டம் போடாதீர்கள்.

ஆல்மில் சைவம் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சீஸ் உருண்டை போட்டுத் தரும் காஸ்பிரெஸ்க்னோடல் சூப்பின் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சியில் காய்ச்சியது. அதே உருண்டையை சாலட்டோடு கேட்டால் தருவார்கள். ரொக்கம் வைத்திருங்கள், எல்லா ஆல்மிலும் கார்டு செல்லாது. வழியில் மாடுகள் மேய்ந்தால், முக்கியமாகக் கன்றோடு இருந்தால், சுற்றிப் போங்கள். தடவிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

மூன்றாவது நாளுக்கு இரண்டு வழி. கால் சோர்ந்திருந்தால் ஜே பஸ்ஸில் 860 மீட்டரில் உள்ள ஹுங்கர்புர்க் போய், உம்ப்ரூக்லர் ஆல்ம், ஆர்ட்ஸ்லர் ஆல்ம் இரண்டையும் சுற்றி அரை நாளில் வந்துவிடலாம். சோர்வில்லையென்றால் 1904-இலிருந்து ஓடும் ஸ்டுபாய் ரயிலில் டெல்ஃபெஸ் வரை போய், லார்ச் மரங்கள் நிற்கும் டெல்ஃபர் வீஸன் புல்வெளிகள் வழியாக நகரத்தை நோக்கித் திரும்பி நடங்கள். தடம் பெரும்பாலும் பக்கத்திலேயே வரும். எங்கே கால் வலிக்கிறதோ அங்கே அடுத்த நிறுத்தத்தில் ஏறிவிடலாம். சிறு நிறுத்தங்களில் ஓட்டுநர் கண்ணில் படும்படி நில்லுங்கள்.

நோர்ட்கெட்டே உச்சிக்கு, அதாவது ஹாஃபெலேகாருக்கு, ரோப் காரில் போய்ப் பார்ப்பதில் தவறில்லை. நிலையத்திலிருந்து 2,334 மீட்டர் சிகரத்துக்குச் சிறு ஏற்றம்தான். ஆனால் அங்கிருந்து கிழக்கே போகும் கோய்தேவெக் உங்களுக்கானது அல்ல. பாதை குறுகல், ஒரு பக்கம் செங்குத்துச் சரிவு, செப்டம்பர் கடைசியில் பனி விழுந்து உறைந்திருக்கவும் வாய்ப்புண்டு. இன்ஸ்ப்ருக் இருக்கும் டிரோல் மாநிலத்தில் மஞ்சள் பலகையில் புள்ளி இல்லாவிட்டால் எளிய நடைபாதை, சிவப்புப் புள்ளி நடுத்தர மலைப்பாதை, கருப்பு கடினம். கருப்பைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள்.

எந்த நாளில் எதைச் செய்வது என்பதை வானிலை முடிவு செய்யட்டும். இலையுதிர் காலத்தில் இங்கே ஃப்யோன் என்ற தென்காற்று அடிக்கடி வீசும். பிரென்னர் கணவாயைத் தாண்டி வரும் காற்று இறங்கும்போது சூடேறுகிறது. வானம் பளிச்சென்று இருக்கும், வெயிலும் இதமாக இருக்கும். அதில் ஏமாந்து கிளம்புவோர் பலர். பாட்ஷர்கோஃபெல் அந்தக் காற்று வெளிவரும் வாயிலிலேயே நிற்பதால் ரோப் கார் நின்றுவிடும், நோர்ட்கெட்டேயிலும் அப்படியே. ஆகவே காற்றில்லாத நாளை ட்ஸிர்பன்வெக்குக்கு ஒதுக்குங்கள். ஃப்யோன் அடித்தால் ஆறாம் எண் டிராமில் ஏறி இக்ல்ஸ் பக்கம் போகலாம். லான்ஸர் ஏரியைச் சுற்றி நடக்க ரோப் கார் தேவையில்லை. பலத்த காற்றில் மட்டும் காட்டுக்குள் நிற்காதீர்கள், கிளை முறியும்.

அவசர எண் 140, மலை மீட்புக்கு. 112-ம் வேலை செய்யும். பயணக் காப்பீட்டில் ஹெலிகாப்டர் மீட்பு சேர்ந்திருக்கிறதா என்று இங்கிருந்து கிளம்பும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் செலவு ஆயிரக்கணக்கான யூரோ.

டிக்கெட் விஷயம்: தங்கும் இடத்தில் வெல்கம் கார்டு தருவார்களா என்று முதலில் கேளுங்கள். இரண்டு இரவாவது தங்கினால் பல விடுதிகள் இலவசமாகத் தருகின்றன, அதில் வட்டாரப் போக்குவரத்து அடங்கும். கீசன்பாக் வரை செல்லுமா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள், ஸீஃபெல்ட் வேறு சுற்றுலா வட்டாரம். பணம் கொடுத்து வாங்கும் இன்ஸ்ப்ருக் கார்டு வேறு. 24, 48, 72 மணி நேரத்துக்குக் கிடைக்கும், அருங்காட்சியகங்களோடு நோர்ட்கெட்டே ரோப் காரும் சேரும். அதை மூன்று நாளுக்கும் வாங்குவது வீண். நோர்ட்கெட்டேயும் அருங்காட்சியகமும் ஒரே நாளில் வரும்படி வைத்து, அன்றைக்கு மட்டும் 24 மணி நேரக் கார்டு எடுங்கள். நகர பஸ் டிக்கெட்டை வைத்து ஹுங்கர்புர்க் மலை ரயிலில் ஏற முடியாது, ஜே பஸ்ஸில் ஏறலாம்.