வாசகர் கேள்வி: காலையில் அமைதியாக இருப்பவள்தான் உண்மையான நானா?

கேள்வி: ஓராண்டாக யோகாசன வகுப்புக்குச் செல்கிறேன். காலைத் தியானத்தின்போது மனம் தெளிந்திருக்கிறது. அலுவலகம் போனதும் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன். காலையில் இருப்பவள்தான் என் உண்மையான சொரூபமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இல்லை என்பதே யோக சூத்திரத்தை இயற்றிய பதஞ்சலியின் விடை. தங்களுக்கு இது ஏமாற்றமளிக்கலாம். ஆனால் யோக தரிசனத்தின் கூர்மை இங்கேதான் இருக்கிறது. சித்தத்தின் விருத்திகள், அதாவது மனத்தில் எழும் அசைவுகள், அடங்குவதே யோகம் என்று யோக சூத்திரத்தின் முதல் பாதத்து (அத்தியாயத்து) 2ஆம் சூத்திரம் வரையறுக்க, அப்போது காண்பவன் தன் சொரூபத்தில் நிலைக்கிறான் என்று 3ஆம் சூத்திரமும், மற்ற வேளைகளில் விருத்திகளின் வடிவையே தன் வடிவாகக் கொள்கிறான் என்று 4ஆம் சூத்திரமும் கூறுகின்றன. கோபம் எழும்போது ‘நான் கோபக்காரி’ என்றும், தணிந்ததும் ‘நான் சாந்தமானவள்’ என்றும் தாங்கள் எண்ணிக்கொள்வது இரண்டுமே அந்த 4ஆம் சூத்திரத்தில் அடங்கிவிடுகின்றன.

சாங்கிய தரிசனத்தைப் போலவே யோகமும் சித்தத்தைப் பிரகிருதியின், அதாவது அறிவற்ற இயற்கையின், பாற்பட்டதாகவே கொள்கிறது. அதன் குணங்களுள், கோபத்தில் ரஜோ குணம் மேலோங்குகிறது என்றால், காலைத் தெளிவில் சத்துவ குணம் மேலோங்குகிறது. சத்துவம் துடைத்த கண்ணாடி போன்றது. காண்பவனாகிய புருஷனின் ஒளி அதில் நன்றாகத் தெரிவதாலேயே, கண்ணாடியை முகமென்று எண்ணிவிடும் ஆபத்தும் அங்கே அதிகம். காணும் ஆற்றலையும் காண்பதற்கான கருவியையும் ஒன்றெனக் கொள்ளும் இந்த மயக்கத்துக்கு ‘அஸ்மிதை’ என்று பெயரிட்டு, ஐந்து கிலேசங்களுள் (துன்பத்தின் வேர்களுள்) அவித்தைக்கு (அறியாமைக்கு) அடுத்தபடியாகப் பதஞ்சலி வைத்திருக்கிறார்.

மனத்தை வெறுமையாக்கினால் போதும் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உறக்கத்தையும் ஐந்து விருத்திகளுள் ஒன்றாகவே பதஞ்சலி எண்ணுகிறார். வெறுமைதான் இலக்கென்றால் நாம் அனைவரும் நாள்தோறும் இரவில் கைவல்யம் எனும் விடுதலையை அடைந்துவிட்டுக் காலையில் எழுந்து காபி குடிக்கிறோம் என்றாகிவிடும்!

அவர் கேட்பது விவேகம்: அறியப்படுவதிலிருந்து அறிபவனைப் பிரித்துணர்வது. கோபம் அறியப்படுவது போலவே அமைதியும் அறியப்படுகிறது என்பதைத் தியானத்திலேயே கவனித்துப் பாருங்கள். நீண்ட காலம், இடைவிடாது, ஈடுபாட்டுடன் பயின்றால்தான் பயிற்சி வேரூன்றும் என்பதால், ஓராண்டைக் கொண்டு எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

கோபம் பிரகிருதியுடையது என்பது எரிந்து விழுவதற்குக் கிடைத்த சலுகை அன்று. இன்புறுவோரிடம் நட்பு, துன்புறுவோரிடம் கருணை, நல்லோரிடம் மகிழ்ச்சி, தீயோரிடம் பாராமுகம் என்ற நான்கும் சித்தத்தைத் தெளிவிக்கும் என்று முதல் பாதத்தின் 33ஆம் சூத்திரம் சொல்கிறது. அலுவலகத்தில் யாரிடம் தங்கள் குரல் உயர்கிறதோ, அவர் இந்நால்வருள் யார் என்று பார்த்துவிட்டு, நாளையே அங்கிருந்து தொடங்கலாம்.