வெட்டிய பிறகு பார்த்தால் போதாதா?

கேள்வி: 15 ஆடுகள் வளர்க்கிறேன். அடுத்த வாரம் அதில் ஆறு ஆடுகளை இறைச்சிக்கூடத்துக்கு அனுப்பப் போகிறேன். கால்நடை மருத்துவர் உயிரோடு பார்த்து அனுமதித்தால்தான் வெட்டுவார்களாம். வெட்டிய பிறகு ஈரல், நுரையீரல் எல்லாவற்றையும் எப்படியும் பரிசோதிக்கிறார்களே, உயிரோடு வேறு எதற்கு? அவர் என்ன பார்ப்பார்? நான் என்ன தயார் செய்ய வேண்டும்? ஒரு கிடாவுக்கு இருமல் இருந்ததால் ஒன்பது நாளுக்கு முன்பு ஆன்டிபயாடிக் ஊசி போட்டோம். இப்போது நன்றாக மேய்கிறது. அதையும் அனுப்பலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். அந்தக் கிடாவை இந்த முறை நிறுத்தி வையுங்கள்.

இருமல் நின்றுவிட்டது என்றால் நோய் போய்விட்டது என்று சொல்லலாம். மருந்து போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு மருந்துக்கும் கடைசி ஊசிக்குப் பிறகு இத்தனை நாள் இறைச்சிக்கு விடக்கூடாது என்று ஒரு கணக்கு உண்டு. சில மருந்துகளுக்கு அது சில நாட்கள்தான். நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசிகள் பலவற்றில் மாடுகளுக்கு 28 நாட்கள் என்று அச்சிட்டிருப்பார்கள். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பது அந்தப் பாட்டிலின் லேபிளில் இருக்கும். பல லேபிள்களில் மாடு, பன்றி என்று மட்டும் இருக்கும், ஆடு இருக்காது. அப்போது நீங்களாக ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல் ஊசியை எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். 'சமைத்தால் மருந்தெல்லாம் போய்விடும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எல்லா மருந்தும் சூட்டில் அழிவதில்லை. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு மிகச் சிறிய மிச்சம்கூடத் தொல்லை தரலாம்.

பரிசோதிக்கும் மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், மருந்தின் மிச்சத்தை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். அதனால், வளர்ப்பவரின் வாயிலிருந்து வரும் உண்மையும் இந்தப் பரிசோதனையில் ஒரு பாதி என்றே நான் நினைக்கிறேன்.

சரி, இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். வெட்டிய பிறகு பார்த்தால் போதாதா?

போதாது. உயிர் இருக்கும்போது மட்டுமே தெரிகிற நோய்கள் உண்டு. வெறிநோய் வந்த மிருகத்தை அறுத்துப் பார்த்தால் இறைச்சியிலும் ஈரலிலும் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் இருக்காது. உயிரோடு இருக்கும்போதோ, எச்சில் வடிவது, விழுங்க முடியாமல் தவிப்பது, காரணமில்லாமல் முட்ட வருவது, குரல் மாறுவது என்று எல்லாம் தெரிந்துவிடும். லிஸ்டீரியா கிருமி மூளையைத் தாக்கிய ஆடு தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வட்டமடிக்கும். ஒரு பக்கக் காது தொங்கிப்போகும். டெட்டனஸ் வந்த ஆடு கால்களை மரக்கட்டை போல விறைத்துக்கொண்டு நிற்கும். விஷம் தின்றவையும் பெரும்பாலும் இப்படித்தான். நடையிலும் நிலையிலும்தான் நோய் இருக்கிறது. தொங்கவிட்ட உடலில் நடை ஏது?

இன்னொரு காரணம், அறுக்கும் தொழிலாளியின் பாதுகாப்பு. கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லோசிஸ், அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) போன்றவை கையில் உள்ள சிறு கீறல் வழியாகவே மனிதருக்குத் தொற்றும். கத்தி வைத்த பிறகு கண்டுபிடித்தால், அதற்குள் ரத்தம் அவர் கைமேல் பட்டிருக்கும். அடைப்பான் விஷயத்தில் ஆபத்து அதோடு நிற்பதில்லை. உடலைத் திறந்ததும் அந்தக் கிருமி காற்றுபட்டு வித்துகளாக மாறிவிடும். அந்த வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிர்ப்போடு கிடக்கும். அதனால்தான் திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வடிகிற மிருகத்தை யாரும் அறுக்கவே கூடாது என்று இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறோம்.

அவர் எப்படிப் பார்ப்பார் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல வெளிச்சத்தில், முதலில் ஆடுகளைத் தொந்தரவு செய்யாமல் பட்டிக்கு வெளியே நின்று பார்ப்பார். எது கூட்டத்தோடு இருக்கிறது, எது தனியாக மூலையில் தலை தொங்கி நிற்கிறது? எது அசை போடுகிறது, எது போடவில்லை? மூச்சு சீராக இருக்கிறதா, வயிறு இழுத்து இழுத்து வாங்குகிறதா? எனக்கு இந்த முதல் சில நிமிடங்கள்தான் மிகவும் பிடித்தவை. அவசரப்பட்டு உள்ளே நுழைந்தால் எல்லா ஆடும் மிரண்டு தலை தூக்கிவிடும், சோர்ந்த ஆடுகூட சுறுசுறுப்பாகத் தெரியும். பிறகு நடக்கவிட்டு இரண்டு பக்கமும் பார்ப்பார். நொண்டுகிறதா, முட்டி வீங்கியிருக்கிறதா என்று அப்போது தெரியும். வாயிலும் குளம்பு இடுக்கிலும் புண் இருந்தால் கோமாரி ஞாபகம் வரும். மூக்கிலும் கண்ணிலும் சளி, வாய்ப்புண், கூடவே கழிச்சல் என்றால் ஆட்டுக்கொல்லி நோய். முடியில்லாத இடங்களில் கொப்புளம் என்றால் ஆட்டம்மை. இவை தெரிந்தால் அந்த ஒரு ஆட்டோடு விஷயம் முடியாது, உங்கள் மந்தை முழுவதையும் தனிமைப்படுத்த வேண்டி வரும். அக்கம்பக்கத்து மந்தைகளையும் காப்பாற்றுகிற முன்னெச்சரிக்கை அது.

கீழ்த்தாடையில் நீர்கோத்த வீக்கம் இருந்து, கண் இமையின் உட்பக்கம் வெளிறியிருந்தால் பெரும்பாலும் ரத்தம் குடிக்கும் குடற்புழுதான். இந்த அறிகுறிகளை நீங்களே வீட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

சந்தேகம் வந்த ஆட்டுக்குத்தான் வெப்பமானி. ஆட்டின் இயல்பான வெப்பநிலை சுமார் 39 முதல் 40 டிகிரி செல்சியஸ், அதாவது 102 முதல் 104 டிகிரி ஃபாரன்ஹீட். மாட்டுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு, 38.5 டிகிரி செல்சியஸ் அளவில். வெயிலில் வண்டியில் வந்து இறங்கிய ஆட்டுக்குக் காய்ச்சல் இல்லாமலேயே சூடு ஏறியிருக்கும். அதனால் நிழலில் விட்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் அது காய்ச்சல்தான். காய்ச்சல் உள்ள மிருகத்தை வெட்டினால் ரத்தம் சரியாக வடியாது, கிருமி ரத்தத்தோடு தசைக்கும் போயிருக்கலாம், இறைச்சி சீக்கிரம் கெடும்.

பார்த்து முடித்ததும் முடிவு பெரும்பாலும் இப்படி இருக்கும். நலமாக உள்ளவை அன்றைய வரிசைக்குப் போகும். களைத்தவையும் மருந்தின் நாள் கணக்கு முடியாதவையும் நிறுத்தி வைக்கப்படும். சந்தேகமானவற்றைத் தனியே கட்டி, மற்றவை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக வெட்டி, உறுப்புகளைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள். முற்றிலும் தகுதியற்றவை உணவுக்குப் போகவே கூடாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஆறு ஆடுகளுக்கும் காதில் எண் அல்லது வேறு அடையாளம் போட்டு, ஒரு தாளில் கடந்த இரண்டு மூன்று மாதங்களில் போட்ட ஊசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து, தடுப்பூசி எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். குடற்புழு மருந்துக்கும் உண்ணி மருந்துக்கும்கூட நாள் கணக்கு உண்டு, பலர் இதை மறந்துவிடுகிறார்கள். உண்ணி இருந்தால் அலட்சியம் வேண்டாம். கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் உள்ள பகுதிகளில், ஆட்டுக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே உண்ணி வழியாகவும் ரத்தம் வழியாகவும் அது தொழிலாளிக்கு வந்துவிடும். வெட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே உண்ணி நீக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதற்காகத்தான். எந்த உண்ணி மருந்து அந்த இரண்டு வாரத்துக்குள் ஒத்துவரும் என்று மருத்துவரைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள்.

இனிமேல் ஊசி போடும்போது தொடையில் போட வேண்டாம், கழுத்தில் போடச் சொல்லுங்கள். ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தாலும் தொடையின் நல்ல கறியைக் கழித்துக்கட்ட வேண்டியிராது.

ஆறில் பெட்டை ஆடு இருந்தால் சினையா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். அதில் கடைசிப் பத்தில் ஒரு பங்கில் இருப்பதை வண்டியிலேயே ஏற்றக்கூடாது என்பது உலக விலங்கு சுகாதார அமைப்பின் (WOAH) விதி. ஈன்று 48 மணி நேரம் ஆகாத தாயையும் குட்டி இல்லாமல் தனியே ஏற்றக்கூடாது.

முந்தின நாள் தீவனத்தை 12 மணி நேரம் போல நிறுத்தினால் இரைப்பை நிறைந்திருக்காது, அறுக்கும்போது கிழிந்து இறைச்சி அசுத்தமாகாது. தண்ணீரை மட்டும் கடைசிவரை நிறுத்தாதீர்கள். ரோமத்தில் புழுக்கையும் சேறும் ஒட்டியிருந்தால் அதைச் சுத்தம் செய்து, காய்ந்த ஆடாக அனுப்புங்கள். வண்டியில் ஏற்றும்போது அடிக்காமல், காலைப் பிடித்து இழுக்காமல் ஏற்றுங்கள். மிரண்டு, களைத்து வந்த ஆட்டின் தசையில் சேமித்த சர்க்கரைச் சத்து தீர்ந்திருக்கும். வெட்டிய பிறகு இறைச்சி தேவையான அளவு புளிப்பேறாது. சாதாரணமாக, புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 7-லிருந்து 5.5 பக்கம் இறங்க வேண்டும். அது 6-க்கு மேலேயே நின்றால் கறி கருத்து, இறுகி, சீக்கிரம் கெடும். பயணத்துக்குப் பிறகு ஆடுகளை ஓய்வெடுக்க விடுவதற்கு இதுவும் காரணம், அதனால் உங்கள் ஆடுகளை முதல் நாள் மாலையே கொண்டு சேர்ப்பது நல்லது.

அப்புறம் ஒன்று. இந்தப் பரிசோதனையின் முடிவு பொதுவாக 24 மணி நேரத்துக்குத்தான் செல்லும். கூட்டம் அதிகமாகி உங்கள் முறை மறுநாளுக்குத் தள்ளிப்போனால், நேற்றே பார்த்தாயிற்று என்று விட்டுவிடாமல், மருத்துவரை மறுபடி ஒருமுறை ஆடுகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.