கும்பிடுபூச்சியில் பெண், ஆணைக் கட்டாயம் தின்றுவிடுமா?

கட்டாயமெல்லாம் இல்லை. இந்தக் கெட்ட பேர் பெரும்பாலும் கூண்டில் அடைத்துப் பார்த்ததால் வந்தது. அங்கே ஆணுக்குத் தப்பியோட இடமேது? வெளியில், பெண்ணுக்கு வயிறு நிறைந்திருந்தால் ஆண் பிழைக்க வாய்ப்பு அதிகம். ஆணும் லேசுப்பட்டதல்ல. பெண்ணின் பின்பக்கமாக நெருங்கி ஓரடி வைக்கும், நிற்கும். பெண் தலையைத் திருப்பினால் அப்படியே உறைந்துவிடும். கடைசியில் ஒரே தாவல், முதுகில் ஏறிவிடும்.

சரி, பெண் கடித்து ஆணின் தலை போய்விட்டால்? வேடிக்கை அங்கேதான். இணைசேரும் அசைவை நடத்துவது வயிற்றுப் பகுதி நரம்பு முடிச்சு; தலையிலிருப்பது அதற்குக் கடிவாளம். தலை போனதும் கடிவாளம் அறுந்து, முண்டம் இன்னும் மும்முரமாகிவிடும். தின்ற ஆணின் சத்து முட்டைகளுக்குப் போகும். அப்புறம் பெண், குச்சியில் நுரை பூசி அதற்குள் முட்டையிடும். நுரை காய்ந்து கெட்டியான கூடாகிவிடும்.