மிகக் கிட்டிய புள்ளி எப்போதும் ஒன்றுதானா?

இரண்டு தொடைகளுக்கு (புள்ளிக் கூட்டங்களுக்கு) இடையே மிகக் கிட்டிய புள்ளிகள் ஒரே சோடியாகத்தான் இருக்குமா என்று கேட்டால், இல்லை. தூரம் ஒன்றுதான், ஆனால் அந்தத் தூரத்தில் பல புள்ளிகள் இருக்கலாம்.

முதலில் ஒரு புள்ளியையும் ஒரு தொடையையும் மட்டும் பார்ப்போம். புள்ளி ஒரு வள்ளம், தொடை கரை. திருகோணமலையில் கரை உள்வளைந்து கிடக்கும் ஒரு குடாவின் நடுவில் வள்ளத்தை நிறுத்தினால் இடக்கரையும் வலக்கரையும் ஒரே தூரத்தில் இருக்கலாம், எது கிட்ட என்று சொல்லவே முடியாது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு நேரே நின்றால் அந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது.

ஏன்? ஒரு தொடையின் எந்த இரண்டு புள்ளிகளை இணைத்தாலும் கோடு முழுக்க அதற்குள்ளேயே கிடந்தால் அது குவிவுத் தொடை; நீட்டிக்கொண்டிருக்கும் முனை ஏறக்குறைய அப்படித்தான். குவிவுத் தொடையில் இரண்டு புள்ளிகள் ஒரே மிகக் குறைந்த தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், வள்ளத்தோடு சேர்த்தால் இருசமபக்க முக்கோணி வரும், அதன் அடியின் நடுப்புள்ளி அந்த இரண்டையும் விடக் கிட்ட இருக்கும், அதுவும் தொடைக்குள்ளேதான்! முரண்பாடு. ஆக ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த நிறுவல் இது. விளிம்பும் தொடையில் சேர்ந்திருந்தால் அந்த ஒன்று நிச்சயம் உண்டு.

சரி, இரண்டு தொடைகளும் குவிவு என்றால் சோடியும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு: எதிரெதிரே கிடக்கும் இரண்டு சமாந்தரக் கோட்டுத்துண்டுகளும் குவிவுதான், அவற்றுக்கிடையே மிகக் கிட்டிய சோடிகள் எண்ணற்றவை.