வாத்து சுட்டால் வாத்து வளருமா?

கேள்வி: அமெரிக்காவில் வாத்து சுடுகிறவர்களேதான் வாத்தைக் காப்பாற்றுகிறார்களாம். என்ன கூத்து இது?
- வாசகர், நாங்குநேரி

பதில்: கூத்துதான், ஆனால் கணக்கு இடிக்கவில்லை. 1934 முதல் அங்கே, 16 வயதும் அதற்கு மேலும் ஆன வாத்து வேட்டைக்காரர் யாரும் 'வாத்து ஸ்டாம்ப்' (வேட்டைக்காக அரசு விற்கும் அனுமதி வில்லை) வாங்காமல் துப்பாக்கியைத் தூக்க முடியாது. இப்போது விலை 25 டாலர், அதில் 98 சதவீதம் நீர்ப்பறவைகளுக்கு நிலம் வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் போகிறது. இங்கே இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சுட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான். அப்புறம் நெல்லை மாவட்டத்தில் பறவைகள் சரணாலயம் இருக்கிற நம்ம கூந்தன்குளத்துக்காரர்களைப் பாருங்கள், ஸ்டாம்பும் இல்லை ஒன்றும் இல்லை, இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. நாரை வீட்டுப் பக்கத்து மரத்திலேயே கூடு கட்டி எச்சமிட்டாலும் விரட்டுவதில்லை, அந்த எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர்தான் வயலுக்கு உரம். மணிமுத்தாறு தண்ணீர் வராத வருஷம்தான் சிக்கல், பறவை வேறு குளம் பார்த்துப் போய்விடும்.