தோற்றால் கோப்பை வருமா? என்.எச்.எல் டிராஃப்ட் கேள்வி பதில்

செந்தில், கோவை: ஐஸ் ஹாக்கியில் வேண்டுமென்றே தோற்கிறார்களாமே, அதில் என்ன லாபம் சார்?

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்-லில் அடியில் கிடக்கும் அணிக்குத்தான் அடுத்த டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசையாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், சிறந்தவரை எடுக்கும் வாய்ப்பு அதிகம். 1984-ல் பிட்ஸ்பர்க் கடைசி இடத்தில் முடித்து மரியோ லெமியூவை எடுத்தது. 1991, 1992 இரண்டு வருடமும் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை. இடையில் ஏழு வருடம் ஓடியதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

மீரா, சென்னை: வீரர்களே விட்டுக்கொடுப்பார்களா?

மாட்டார்கள். மோசமாக ஆடினால் அடுத்த ஒப்பந்தத்தில் அடி விழும். தோல்விக்கான ஏற்பாடெல்லாம் மேனேஜர் அறையில்தான். 2014-15-ல் பஃபலோவைப் பாருங்கள். கோல்கீப்பர் என்ரோத் நன்றாகத் தடுத்தார், பிப்ரவரியில் அவரை வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். அடுத்து நியூவிர்த் தடுத்தார், மார்ச்சில் அவரும் போனார். அந்த மார்ச் 26-ல் அரிசோனா பஃபலோவுக்கே வந்து ஓவர்டைமில் கோல் போட்டபோது, உள்ளூர் ரசிகர்கள் கைதட்டினார்கள்! தன் ஊர்க் கூட்டமே எதிரணி கோலைக் கொண்டாடினால் வீரனுக்கு எப்படி இருக்கும்?

எல்லாம் அந்த வருட டிராஃப்டின் நட்சத்திரமான கானர் மெக்டேவிடுக்காக. கடைசி இடம் கிடைத்தது, முதல் தேர்வு யாருக்கு என்று முடிவு செய்யும் லாட்டரியோ எட்மண்டனுக்கு விழுந்தது. பஃபலோவுக்கு இரண்டாவது இடத்தில் ஜாக் ஐக்கல். அவரும் 2021-ல் வேகஸுக்குப் போய் 2023-ல் அங்கே கோப்பை வென்றார். வேகஸ் 2017-ல் தொடங்கிய அணி, ஒரு வருடம்கூட அடிமட்டத்தில் கிடந்ததில்லை. பஃபலோ 2012 முதல் 2025 வரை பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்டத் தொடர்கள்) பக்கமே போகவில்லை.

ராகுல், பெங்களூரு: எட்மண்டனாவது ஜெயித்திருக்க வேண்டுமே?

2010, 2011, 2012 மூன்று வருடமும் முதல் தேர்வு, 2015-ல் மெக்டேவிட். இத்தனையும் கையில் இருந்தும் 2024, 2025 இரண்டு இறுதிப் போட்டியிலும் ஃப்ளோரிடாவிடம் தோற்றார்கள். ஃப்ளோரிடாவிலும் பார்கோவ், எக்பிளாட் என்று உயர்ந்த தேர்வுகள் உண்டுதான். ஆனால் டக்கச்சுக் டிரேடில், அதாவது அணிகளுக்குள் வீரர் மாற்றத்தில், வந்தவர், கோல்கீப்பர் பாப்ரோவ்ஸ்கியை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவே இல்லை, ஃபோர்ஸ்லிங்கோ வேறு அணி கழற்றிவிட்ட ஆள். என்னைக் கேட்டால், அந்த இரண்டு கோப்பைக்கும் இந்த மூவரைப் பிடித்ததுதான் பெரிய காரணம்.

அருண், மதுரை: இப்போது கடைசி இடம் வந்தால் முதல் தேர்வு நிச்சயமா?

இல்லை. சுமார் 25 சதவீத வாய்ப்புதான். 2023-ல் அனஹைம் கடைசி, முதல் தேர்வான கானர் பெடார்ட் போனது சிகாகோவுக்கு. இதில் கூத்து என்னவென்றால், 2017-ல் கொலராடோ 82 ஆட்டத்தில் வெறும் 48 புள்ளியோடு கடைசியாக வந்து, லாட்டரியிலும் சறுக்கி நான்காவது இடத்துக்கு இறங்கியது. அங்கே எடுத்தது கேல் மக்காரை. 2022-ல் கோப்பையை வென்றபோது பிளேஆஃபின் சிறந்த வீரர் அவர்தான்.

தினேஷ், ஸ்காபரோ: அண்ணை, எங்கட டொரன்டோ லீஃப்ஸ்?

வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள் தம்பி. 2016-ல் கடைசி, லாட்டரியும் விழுந்தது, மேத்யூஸ் வந்தார். அப்புறம் 2025 வரை வருடம் தவறாமல் பிளேஆஃப், வென்ற தொடர் இரண்டே இரண்டு. பல வருடம், ஓர் அணி மொத்தமாகக் கொடுக்கலாம் என்று லீக் வைத்த சம்பள வரம்பில் ஏறக்குறைய பாதியை நான்கு முன்வரிசை ஆட்களுக்கே கொடுத்துவிட்டு, டிஃபென்ஸுக்கு மிச்சத்தில் ஆள் தேடினார்கள்.

மீரா, சென்னை: நீங்கள் மேனேஜராக இருந்தால் தோற்பீர்களா?

அணி நிஜமாகவே தேறாது என்றால், வயதான வீரர்களை விற்று ஓரிரு வருடம் கீழே இருப்பேன். அதற்கு மேல் மாட்டேன். மிச்சமாகும் பணத்தை, இளம் திறமைகளைத் தேடிப் பிடிக்கும் ஸ்கவுட்டுகளுக்குப் போடுவேன். முதல் இடத்தில் யாரை எடுப்பது என்பது பெரும்பாலும் ஊருக்கே தெரியும்; பின்னால் கிடக்கும் நல்லவரைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்கவுட் வேண்டும். டெட்ராய்ட் டட்சியுக்கை 171-வதாகவும் ஸெட்டர்பெர்கை 210-வதாகவும் எடுத்தது. டாம்பாவுக்கு குச்செரோவ் 58-வது, பாயிண்ட் 79-வது. இந்த நால்வரையும் எடுக்க ஓர் ஆட்டம்கூடத் தோற்றிருக்க வேண்டியதில்லை.